கலாதேவியின் விரதம்

கலாதேவிக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்று கிளினிக்கில் சொன்னபோது அவளுக்கு வந்தது பயமில்லை, எரிச்சல். ஊரே சிரிக்குமே என்ற எரிச்சல். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஈப்போவை அடுத்த மெங்லெம்புவில் அவள் வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் இனிப்பு நீர்க்காரர்களை அதிகம் கிண்டலடித்தவளே அவள்தான். யாராவது மாத்திரையைக் கையில் எடுத்தால் போதும், வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்குத்தான் இந்த வியாதி வரும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவாள். சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டு போய் வைப்பது?

தாதி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். இனிப்பான தே தாரிக் டீ, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், கூட்டாளிகள் நீட்டுகிற குவே பலகாரம் எதுவும் ஆகாது. நேரத்துக்கு அளவாகச் சாப்பிட வேண்டும். வேலைக்கு நடுவே நடக்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வியர்த்துக் கொட்டும், கைகால் நடுங்கும், உடனே சீனி கொடுக்காவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தவள், மறுநாள் கூட வேலை செய்யும் சரளா கேண்டீனில் தே தாரிக்கை நீட்டியபோது யோசிக்காமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். தைப்பூச விரதமாம். கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கப் போகிறாளாம். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டாளாம்.

அந்தப் பொய் பிரமாதமாக வேலை செய்தது. சாப்பாட்டு வேளையில் எல்லாரும் கேண்டீனுக்குப் போனதும், பெட்டிகள் அடுக்கிய ஸ்டோருக்குள் நுழைந்து அவித்த கடலையையும் வெள்ளரிக்காயையும் அவசர அவசரமாக மென்று விழுங்குவாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு வேலியோரமாக வெயிலில் நடப்பாள். கேட்டால், பால்குடம் தூக்கக் காலைப் பழக்குகிறாளாம். மலாய்க்காரப் பெண்கள்கூட அவள் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். உடம்பும் இளைத்தது, மரியாதையும் கூடியது. அவளுக்கென்ன, ஜாலிதான்.

அப்போதுதான் குமுதா வந்தாள். அதே வரிசையில் நின்று கையுறைகளைப் பெட்டியில் அடைக்கிறவள், அதிர்ந்து பேசத் தெரியாத ஜென்மம். அவள் மகன் ரூபன் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்து, கால் எலும்பு நொறுங்கி ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தான். இன்னொரு ஆப்பரேஷன் செய்ய வேண்டும், அதுவும் சரிவராவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, உங்க விரதத்துல அவனையும் சேத்து வேண்டிக்குங்கக்கா" என்று குமுதா கண் கலங்கினாள்.

கலாதேவி அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி என்று தலையை ஆட்டித் தொலைத்தாள், பாவி.

மறுநாளிலிருந்து குமுதாவும் விரதம். என் பிள்ளைக்காக அக்கா பட்டினி கிடக்கும்போது எனக்கென்ன சோறு வேண்டிக் கிடக்கு என்று சரளாவிடம் சொன்னாளாம். கேட்ட கலாதேவி பதறித்தான் போனாள். உடம்புக்கு ஆகாது, பாலாவது குடி என்று தடுத்தும் பார்த்தாள். ஆனால் தான் மட்டும் ஸ்டோருக்குள் போவதை நிறுத்தவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் தின்றாள்.

ரூபனின் ஆப்பரேஷனுக்கு முதல் நாள் மதியம், குமுதா நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கினாள். கைகால் வெடவெடவென்று நடுங்கியது. கண் சொருகியது. என்னவோ புரியாமல் முனகினாள். சாமி வந்திருச்சு என்றாள் சரளா. யாரோ கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினார்கள். இன்னும் சிலர் கைகூப்பிக்கொண்டு, வந்திருப்பது எந்தச் சாமி என்று கேட்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

கலாதேவி மட்டும் அந்த வியர்வையைப் பார்த்தாள். குமுதாவின் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. தாதி சொன்ன அதே அடையாளம். இவளுக்கும் இனிப்பு நீர்தான், மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் நிற்கிறாள் என்று கலாதேவிக்குப் புரிந்துவிட்டது. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றாள். குமுதா சாய்ந்து, இரும்புத் தள்ளுவண்டியில் தலை மோதி, ரத்தம் வழியத் தரையில் விழுகிறவரைக்கும் நின்றாள்.

"சாமி இல்ல லா, இனிப்பு நீர். ஓடிப்போய் சீனி கொண்டாங்க" என்று அப்புறம்தான் கத்தினாள். விரதக்காரி வாயில் எதையும் வைக்காதே என்று சரளா தடுத்தாள். கலாதேவி அவளைத் தள்ளிவிட்டு, கேண்டீனிலிருந்து வந்த சீனியை விரலில் எடுத்துக் குமுதாவின் ஈறில் தேய்த்துக்கொண்டே இருந்தாள், ஆம்புலன்ஸ் வரும்வரை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் குமுதா தலைக்கட்டோடு கண் விழித்தாள். பக்கத்தில் இருந்த கலாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்கக்கா. விரதத்த முறிச்சிட்டேன்."

கலாதேவிக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது. மாத்திரை போடுவதை ஏன் ஒருத்தரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள். குமுதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு வருகிற வியாதி என்று நீங்கள்தானே சொன்னீர்கள், உங்களிடம் எப்படிச் சொல்வது என்றாள்.

அதற்குமேல் தாங்க முடியவில்லை. கலாதேவி எல்லாவற்றையும் கொட்டினாள். விரதமும் இல்லை, பால்குடமும் இல்லை, தனக்கும் அதே வியாதிதான் என்றாள். ஸ்டோரில் ஒளிந்து தின்றதைச் சொன்னாள். தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றதைச் சொன்னாள். ரூபனுக்காக ஒரு நாள்கூட வேண்டிக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னாள்.

குமுதா திட்டுவாள் என்று காத்திருந்தாள். கன்னத்தில் ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். குமுதா கையை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"ரூபன் மேல் மாடியிலதான் இருக்கான். ஆப்பரேஷனே வேணாம்னு அழுதவன். நீங்க அவனுக்காக விரதம் இருக்கீங்கன்னு சொன்னதுக்கப்புறம்தான் ஒத்துக்கிட்டான்" என்றாள். "போய் அவனப் பாருங்க. கேட்டான்னா, விரதம் இருக்கேன்னே சொல்லிருங்க."

கலாதேவி மாடிக்குப் போனாள். அவளைக் கண்டதும் ரூபன் படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். எனக்காக விரதம் இருக்கீங்களாமே பெரியம்மா என்றான். அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு, இருக்கேன் என்றாள்.