யாரோ பார்க்கிறார்கள்

வெப்சைட்டைத் திறந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சமையலறை அலமாரிகள் செய்து பொருத்தும் கடையில் அவள் படம் வரைபவள். வீடு வீடாகப் போய் அளவெடுத்து, எந்த இழுப்பறை எங்கே வர வேண்டும், கரண்டிக்கு எது கைக்கெட்டும் இடம் என்று கணினியில் வரைந்து கொடுப்பாள். வாடிக்கையாளர்கள் பாராட்டினால் முதலாளி, "எல்லாம் நாங்க பண்ணதுதான்" என்பார். அந்த 'நாங்க'வில் ஏதோ ஒரு மூலையில் அவளும் இருந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நல்ல வேலைக்குப் போக வேண்டுமானால் உன் வேலைகளை உன் பெயரில் காட்டு என்று தம்பி நச்சரித்து, ஒரு விடுமுறை நாளில் அவளை உட்கார வைத்துவிட்டான். படங்களைப் பொறுக்கி ஏற்றியாயிற்று. 'என்னைப் பற்றி' என்ற இடத்தில்தான் வண்டி நின்றது. கை தன் பாட்டுக்கு 'நாங்கள்' என்று அடித்தது.

"நாங்கள்னா யாருக்கா? உனக்குள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" என்றான் தம்பி.

அழித்துவிட்டு 'நான்' என்று அடித்தாள். அடித்த கையோடு கதவைத் திரும்பிப் பார்த்தாள். சொந்த வீட்டில் திருட்டு முழி முழிக்கிற ஆளை அன்றுதான் தம்பி முதன்முதலாகப் பார்த்தான்.

முதலாளி காதுக்கு எட்டினால் வேலை போய்விடும், அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது. நீயாக முகவரி கொடுக்காமல் ஒருத்தருக்கும் தெரியாது என்று தம்பி அடித்துச் சொன்னான். ஆனால் பக்கத்தின் அடியில் 'பார்த்தவர்கள்' என்று ஓர் எண்ணையும் வைத்துவிட்டுப் போனான். காலையில் எழுந்து பார்த்தால் அதில் ஒன்று கூடியிருந்தது. பஸ்ஸில் பார்த்தால் இன்னொன்று. சாப்பாட்டு வேளையில் கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு பார்த்தால் அங்கேயும் ஒன்று. அவள் எப்போது போனாலும் அவளுக்கு முன்னால் ஓர் ஆள் வந்து போயிருந்தது. வேலைவெட்டி இல்லாத ஜென்மம் போலிருக்கிறது.

வேறு யார், முதலாளிதான். புது போனா என்று கேட்டார். என்றைக்கு இதையெல்லாம் கேட்டிருக்கிறார்? தேநீரை அவர் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். பலி ஆட்டுக்கு மாலை போடுகிறார் என்று அவள் அதைத் தொடவேயில்லை. தச்சர் சிரித்தால்கூட இவருக்கும் தெரிந்துவிட்டதோ என்று பட்டது. திட்டித் தொலைத்தாலாவது நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைசியில் பொறுக்க முடியாமல் அவரே கூப்பிடுவதற்குள் அவர் அறைக்குள் போய் நின்றாள்.

"சார், நீங்க தினமும் பாக்குறது எனக்குத் தெரியும். தப்புதான். உங்ககிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கணும்."

"எதைம்மா பாக்குறேன்?"

"என் வெப்சைட்டை."

"எந்த வெப்சைட்டு?"

அவர் முகத்தில் நடிப்பே இல்லை. அவள் பதறிப்போய்ப் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணை நீட்டினாள். அவள் திறந்ததற்கே, அவள் கண் முன்னாலேயே அதில் ஒன்று ஏறியது. இத்தனை நாளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஜென்மம் யார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதை இதைவிட ஒழுங்காக யாரும் செய்ய முடியாது.

முதலாளி போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினார். 'நான்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவள் மனசுக்குள் சாமான்களைப் பையில் போட ஆரம்பித்திருந்தாள். ஒரு படத்தில் அவர் விரல் நின்றேவிட்டது. அது அவருடைய வீட்டுச் சமையலறை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை மட்டும் எடுத்துடேன்மா," என்றார், குரலை இறக்கி. "நான்தான் வரைஞ்சேன்னு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்."

சரி சார் என்பது பழக்க தோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை மென்று விழுங்கினாள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

அன்று மாலை வரை முதலாளிதான் ஏதேதோ சாக்கு வைத்து அவள் மேசைப் பக்கம் வந்து, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துவிட்டுப் போனார்.