காணிக்கைப் பையில் ஒரு தேள்

நாற்பத்து நாலாம் வருஷம், ஆடி மாதத்துத் திங்கட்கிழமை காலை, சங்கரன்கோவில் வேதக்கோயிலில் இருந்தவர்கள் நாலு பேர். மேசைக்குப் பின்னால் நாற்காலியில் அருமைநாதன் குருவானவர். வலப்பக்கப் பெஞ்சில் கமிட்டி மூப்பர் தேவசுந்தரம். வாசலோரம் பாயில், கோயில் கூட்டுகிற ஏசுவடியாள். மேசையின் ஓரத்தில் பேனாவும் தாளுமாக, மிஷன் பள்ளி வாத்தியாரும் கமிட்டிச் செயலாளருமான யோவான்.

மேசை நடுவே இரண்டு வெள்ளித் தகடுகள். ஒன்று பாம்பு, ஒன்று தேள். விஷப்பூச்சி அண்டாதிருக்க நேர்ந்துகொண்டு கோமதி அம்மன் சன்னதியில் போடுகிறவை. நேற்று ஆராதனையில் காணிக்கைப் பைக்குள்ளிருந்து விழுந்தன. அவற்றைச் சுற்றியிருந்த துணியின் நீலக்கரையைப் பார்த்ததுமே யோவானுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மனைவி மார்த்தாளின் பழைய சேலை அது. போன மாதம் பிள்ளையைத் தேள் கொட்டியபோது அவள் எதையோ முனகி நேர்ந்துகொண்டதை அவன் கேட்டும் கேளாதவனாக இருந்துவிட்டான்.

"போட்டது யாருன்னு பாளையங்கோட்டை மிஷன் துரைக்குப் பேர் போகணும். பேர் இல்லாட்டா சபை மொத்தத்துக்கும் நற்கருணை கிடையாதுன்னுட்டார்" என்றார் குருவானவர்.

பேர் போனால் அந்தக் குடும்பம் சபைக்கு வெளியே. யோவானுக்கோ வேலை போகும், குடியிருக்கிற மிஷன் வீடும் போகும்.

"பாம்புக்கு வழி இருக்கு ஐயா. மோசே வனாந்தரத்துல உயர்த்தினது பாம்புதான? அந்த ஞாபகத்துக்குப் போட்டதுன்னு எழுதிரலாம்" என்றார் தேவசுந்தரம்.

"தேளை எந்த அதிகாரத்துல வே உயர்த்தினான்?" என்று கேட்டார் குருவானவர்.

ஏசுவடியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இது ஒண்ணுக்கா இந்தப் பாடு? நான் பெறக்கிப் பெறக்கிப் பீடத்துக்கு அடியில ஒரு சட்டி நிறைய போட்டு வச்சிருக்கேன். மூப்பர் வீட்டுப் பாம்புகூட அங்கனதான் கெடக்கு."

தேவசுந்தரம் குனிந்து துண்டை உதறினார். குருவானவர் யோவான் பக்கம் திரும்பினார்.

"சட்டியை எழுதாதேரும். துரை கேட்டது ஒரு பேர்தான்."

யோவான் தேதியிட்டான். கோடு போட்டான். வரிசை எண் ஒன்று என்று எழுதி, அதற்கு நேரே பேரையும் எழுதி, தாளை நாலாக மடித்து உறைக்குள் வைத்தான்.

"யாரு?"

"தேள் கொட்டினது எங்க வீட்டுப் பிள்ளையத்தான் ஐயா. எம்பேரை எழுதியிருக்கேன். அவ பேர் வேண்டாம்."

குருவானவரின் கை உறையை நோக்கி நீண்டது. பிரிக்கத்தான் போகிறார் என்று யோவான் காத்திருந்தான். அவர் பிரிக்காமலே அரக்கை உருக்கி ஊற்றி, சபை முத்திரையை அழுத்தினார்.

"ஏசுவடியா, தபாலாபீஸ்ல சேத்துட்டு வா."

அவள் உறையை மடியில் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.