ஒரே ஊசி

கிறிஸ்துதாஸ் செத்து முப்பது நாள் ஆகியிருந்தது. பூசை முடிந்து வந்தவர்களுக்கு ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடுகளின் வாசலில் சாப்பாடு. இலை எடுத்த கையோடு கம்பவுண்டர் கோவிந்தராஜ் பெஞ்சில் தன் பெட்டியைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் சத்து ஊசி. காப்பிப் பழம் பறிக்கிற கைக்குத் தெம்பு வேண்டுமென்று லைனே வரிசையில் நிற்கும். ஒருவருக்குக் குத்தி, வெந்நீரில் முக்கி, அதே ஊசி அடுத்தவருக்கு. இன்று பிள்ளைகளும் நின்றார்கள்.

காமாலை என்று தெரிந்ததும் கிறிஸ்துதாஸின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்த லைன் அது. குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டான் என்று இன்றும் பந்தியில் பேச்சு.

அவன் தங்கை ஜெயமேரி எழுந்தாள். விலங்கியல் படித்தவள், நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குப்பனூரிலிருந்து அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஒரு விஷயம் வெளியே வந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா காலையிலேயே அவளிடம் அழுதிருந்தாள்.

ஜெயமேரி பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏங்கண்ணு, உனக்கும் போடோணுமா? நொம்ப இளைச்சுட்ட" என்றார் கம்பவுண்டர்.

"ஆளுக்கொரு புது ஊசி போடுங்க. இல்லாட்டி பெட்டிய மூடுங்க."

அதோடு அவள் நிறுத்தவில்லை. அண்ணனைக் கொன்றது ரத்தத்தில் தொற்றும் காமாலைக் கிருமி என்றாள். அதன் புரதம் ஒன்று ஈரல் செல்லுக்குள் புகுந்து, அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்களைக் கிளப்பிவிடும். பழுதான செல் தானே மடிவதுதான் முறை. அந்தப் புரதம் அதை மடியவிடாமல் தடுத்தால் பெருகிப் புற்றாகும்; அண்ணன் ஈரலில் வந்தது அதுதான். சேர்ந்து சாப்பிட்டால் இது ஒட்டாது, ஒரே ஊசியில் ஒட்டும், அண்ணனும் தானும் இந்த வரிசையில் நின்றவர்கள்தான் என்றாள்.

கம்பவுண்டர் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சிரித்தார். "குடிச்சுச் செத்தவனுக்கு என்ற ஊசி மேல பழியா, சாமி?"

ஜெயமேரி வரிசையைப் பார்த்தாள். "தட்டைப் பிரிச்சு என்னங்க பிரயோசனம்? ஊசியப் பிரிக்கோணும். தெம்புக்குன்னு ஒருத்தர் ரத்தத்த இன்னொருத்தருக்கு ஏத்தாதீங்க."

ஒரு தாய் மகனை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டாள். ஜெயமேரியின் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஜெயமேரி கம்பவுண்டரிடம் திரும்பினாள்.

"குடிச்சாத்தான் வரும்னா, நான் எந்தக் கடையிலங்க குடிச்சேன்? சேலத்துல டெஸ்ட் எடுத்தாச்சு. எனக்கும் அதே கிருமி இருக்குதுங்க."