ஒரு சாண் போர்வைகள்

பதினோராவது போர்வையை மனைவி கன்னியம்மாவின் முழங்கால் மேல் விரித்துவிட்டு, பன்னிரண்டாவதற்காகத் தகரப் பெட்டிக்குள் கையை விட்டான் சின்னராசு. ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம். நகத்தளவுத் துணித்துண்டுகளை ஒட்டி ஒட்டித் தைத்தவை. பதினொன்று போட்டும் அவள் உடம்பு மூடவில்லை. இடுக்குகளில் கோடிப்புடவை தெரிந்தது.

"இன்னா மாமா இது, பொம்மைக்குப் போத்தற மாதிரி?" என்றாள் கன்னியம்மாவின் தங்கை செல்வி. "அக்கா ஆஸ்பத்திரிக்குன்னு தெச்சதாச்சே."

"அவளத் தின்னதே இந்தத் துணிதான். அவளோடவே போவட்டும். ஒண்ணுகூட அவங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

துணியைக் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான். கம்பெனிகளில் மிஷின் துடைக்க மெட்ராஸ் தையல் கடைகளிலிருந்து வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக வரும். லாரியிலிருந்து இறக்கும்போது சிதறுவதை மடியில் கட்டிக்கொண்டு வருவான். அவளுக்கு அப்போதே மார்பில் காசம். எக்ஸ்ரேயில் மார்புப் படம் எடுக்க பஸ், ரயில், மறுபடி பஸ் என்று மெட்ராஸ் போய் வந்ததில் ரத்தமாகக் கக்கினாள். மிஷன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான் நர்ஸ் ஆரோக்கியமேரி இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தாள். வெள்ளைக்காரர்கள் வாங்கிச் சுவரில் மாட்டுவார்களாம், அந்தப் பணம் ஏழைகள் வைத்தியத்துக்காம்.

ஒரு சாண் துணி யாருக்கு என்ன வைத்தியம் செய்யும் என்று சின்னராசு சிரித்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. துண்டுகளை முறத்தில் பரப்பி, நாள் முழுக்க இடம் மாற்றி மாற்றி வைப்பாள். மூச்சுகூட மெதுவாகத்தான். இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "ஒரு தபா இருமினா மூணு நாளு வேல பறந்துடும்யா" என்பாள்.

வாசலில் சுப்பராயன் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தான். சின்னராசுவோடு மூட்டை தூக்குகிறவன். அவனைத் தாண்டிக்கொண்டு, பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கிய ஆரோக்கியமேரி மாலையோடு உள்ளே வந்தாள்.

"வந்துட்டியா சிஸ்டரு? பொட்டிய எடுத்துக்கினு போலாம்னு வந்தியா?"

அவள் மாலையைப் போட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டாள். உடம்பின் மேல் கிடந்த போர்வைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பாக்கத்தான் வந்தேன். இதெல்லாம் அதோடவே இருக்கட்டும்ணே" என்றாள். போவதற்குத் திரும்பியவள் நின்றாள். "சித்திரையில ஆஸ்பத்திரிக்குப் பெரிய பொட்டி வந்துச்சே, நீங்கதான் எறக்கினீங்களாமே. கன்னியம்மா சொல்லிச்சு."

"ஆமா. எட்டு பேரு. கிளாஸ் பொட்டி."

"தொர சரக்கு ஊத்திக் குடிக்கறதுக்குக் காலு வெச்ச கிளாஸு" என்றான் சுப்பராயன் வாசலிலிருந்து. "பொட்டி மேலயே படம் போட்டிருந்துச்சே!"

"ஒடையற சாமான்னா அந்தப் படம் போடுவாங்க. உள்ள இருந்தது மார்புப் படம் எடுக்கற எக்ஸ்ரே மிஷினு. இனிமே இந்தப் பக்கத்து ஜனங்க யாரும் அதுக்காக மெட்ராஸ் போவ வேணாம்." குரலை இறக்கிச் சொன்னாள். "போர்வை வித்து வாங்கினதுண்ணே. நாலு வருசமா வார்டு பொம்பளைங்க அத்தினி பேரும் தெச்சாங்க. டிசைன் எல்லாம் கன்னியம்மாது."

சின்னராசு கையிலிருந்த பன்னிரண்டாவது போர்வையைப் பார்த்தான். ஊதினால் பறந்துவிடும்.

அந்தப் பெட்டியை இறக்கக் காலையிலிருந்து உச்சிவெயில் வரை ஆயிற்று. இரண்டு பலகை, நாலு கயிறு, எட்டுப் பேர். தூக்கிய தோளில் முட்டையாக வீங்கிவிட்டது. அன்று சாயங்காலம் கன்னியம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். பெட்டியில் போட்டிருந்த படத்தை அவளுக்குக் கரித்துண்டால் தரையில் வரைந்து காட்டினான். சிரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். பிறகு கேட்டாள்: "பாத்து எறக்கினீங்களா? ஒடையலையே?" அதையே மூன்று தடவை கேட்டாள்.

"அன்னிக்கே தெரியுமா அவளுக்கு?"

"தெரியும்ணே. நான் சொல்லிடறேன்னேன். வேணாம் சிஸ்டரு, ஒரு நாளு நானே அவர இட்டாந்து மிஷினு முன்னால நிறுத்திக் காட்டறேன்னுச்சு."

செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது போர்வை மஞ்சள். நடுவில் வெள்ளைத் துண்டுகளால் ஏதோ குடை மாதிரி இருந்தது. சின்னராசு அதைத் திருப்பிப் பிடித்தான். குடை இல்லை. காலும் கிண்ணமும், தரையில் அவன் வரைந்த அதே கோணல்.

அதை மட்டும் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு குனிந்து, முழங்காலிலிருந்து தொடங்கி, பதினோரு போர்வைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தான். மூட்டை தூக்கும் கைக்கு மடிக்க வரவில்லை. செல்வி உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினான். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி ஆரோக்கியமேரியிடம் நீட்டினான்.

"இது மட்டும் இருக்கட்டும் சிஸ்டரு."

பாடையில் கிடத்தியதும் மஞ்சள் போர்வையை அவள் மார்பின் மேல் வைத்தான். கிண்ணம் தலைப்பக்கம், கால் கால்பக்கம். கிளாஸ் படம் போட்ட பெட்டியைத் தலைகீழாக வைக்கக் கூடாது, அது சுமை தூக்குகிற எல்லோருக்கும் தெரியும்.

"நாலு பேரு வாங்கப்பா" என்றான் சுப்பராயன்.

"எட்டு பேரு" என்றான் சின்னராசு.

"இன்னாடா, கனமே இல்லியே..." என்று ஆரம்பித்த சுப்பராயன் மஞ்சள் போர்வையைப் பார்த்தான். தெருப்பக்கம் திரும்பி, அன்று பெட்டி தூக்கியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். ஹைவேயில் லாரிகள் நின்று வழிவிட்டன. சின்னராசு முன்னால், வீங்கி வற்றிய தோளில் மூங்கிலை வாங்கிக்கொண்டு, பலகைமேல் வைப்பதுபோல் ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தான்.