பதிமூணாம் நம்பர் ஸ்பேனர்

அருள்பாண்டிக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையிலிருந்த டீயை எதிரே உட்கார்ந்திருந்தவன் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். வீசாமல் இருந்ததற்குக் காரணம் பொறுமையெல்லாம் இல்லை. அந்த மூஞ்சியிடம் அவனுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

எதிரே இருந்தவன் ஸ்ரீராம்குமார். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு அட்டை அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் முதலாளியின் மகன். காலேஜில் இருவரும் ஒரே பெஞ்ச். ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு பிளாக் சாபத் ராக் பாட்டுக் கேட்டவர்கள். படிப்பு முடிந்ததும் அவன் அப்பாவின் பிரஸ்ஸில் சின்ன முதலாளி ஆனான், இவன் அதே பிரஸ்ஸில் அட்டை வெட்டும் பஞ்சிங் மெஷினுக்கு ஆபரேட்டர் ஆனான். போன வருஷம் சீசன் நேரத்தில், ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அந்த மெஷின் அருள்பாண்டியின் வலது கை நடுவிரலையும் மோதிர விரலையும் நகத்தோடு வாங்கிக்கொண்டது.

அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை தவறி உள்ளே போனால் கம்பியில் இடிக்கும், மெஷின் நின்றுவிடும். அருள்பாண்டி திங்கள் முதல் வியாழன் வரை சொந்த ஊரான எம். புதுப்பட்டியில் கோயில் பொங்கலுக்கு லீவில் இருந்தான். வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்தபோது கம்பியைக் காணோம். மேஸ்திரி சங்கரபாண்டியனிடம் கேட்டான். "லோடு நிக்குதுய்யா, பேசாம ஓட்டு" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். ஓட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தால், 'வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஆபரேட்டரே கம்பியைக் கழற்றிவிட்டான்' என்று கம்பெனி லேபர் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தது.

அதற்கப்புறம் எந்தப் பிரஸ்ஸும் அவனை மெஷின் பக்கம் விடவில்லை. கம்பியைக் கழற்றுகிற பய என்று பேர் ஆகிவிட்டது. விரல் போனதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டான், இந்தப் பேரை அவனால் விழுங்க முடியவில்லை. வருகிற புதன்கிழமை விருதுநகர் லேபர் ஆபீஸில் விசாரணை. அன்றைக்கு உண்மை வெளியே வராவிட்டால் அந்தப் பேர்தான் கடைசிவரைக்கும்.

அதற்காகத்தான் ஒரு வருஷம் கழித்து இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்திருந்தான். விருதுநகரில், லட்சுமிகாந்தம் அண்ணாச்சியின் மைக்செட் கடை மாடியில் நாலு மணிக்கு ராக் பைத்தியங்கள் கூடும். இரண்டு பேர் மாறி மாறிக் கேள்வி கேட்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். சரியான பதிலுக்கு ஒரு பாயிண்ட். எதிராளி தப்பாகச் சொன்னதைத் திருத்தினால் இரண்டு. முதலில் பதினைந்தைத் தொடுகிறவனுக்கு ஜெயம். தோற்றவன் எழுந்து நின்று ஜெயித்தவனுக்குக் கை தட்ட வேண்டும். ஒருதடவை பதிலில் தகராறு வந்து சட்டை கிழிந்ததிலிருந்து, எல்லாம் லைவில் போகும். மல்லாங்கிணறு ஸ்கூலில் வேலை பார்க்கும் ரீனா டீச்சரின் போன்தான் அதற்கு. ஆண்டவனே வந்து கேட்டாலும் வீடியோவை அழிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது ஸ்ரீராம்குமார். எப்போதும் ஜெயிக்கிறவனுக்குச் சாட்சி இனிக்கத்தானே செய்யும்!

ஏறி வரும்போதே படிக்கட்டில் வைத்து அருள்பாண்டி கேட்டிருந்தான்.

"புதன்கிழமை வந்து ஒத்த வார்த்த சொல்லுலே. அந்த வாரம் கம்பி கழண்டப்ப நான் லீவுல இருந்தேன்னு மட்டும் சொல்லு, போதும்."

"எனக்கு என்னலே தெரியும்? அந்த வாரம் பூரா நான் கோயம்புத்தூர்ல இருந்தேன். எங்க அப்பாகிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போய்விட்டான்.

இப்போது அவன்தான் அருள்பாண்டியை வம்புக்கு இழுத்து எதிரே உட்கார வைத்திருந்தான். குளிர்காயும் அடுப்பின் மேல்திட்டுப் பழைய மரத்தை அறுத்துக் கிட்டார் செய்தவர் யார், வுட்ஸ்டாக் கச்சேரி நடந்தது எந்த ஊரில் என்று ஆட்டம் போய், ஆளுக்கு ஒன்பது பாயிண்டில் நின்றது. ஸ்ரீராம்குமாரின் முறை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துச் சிரித்தான்.

"ஃபேக்டரில கடைசி நாள் வேலைக்குப் போயி, ரெண்டு விரல் நுனிய மெஷினுக்குக் குடுத்த கிட்டாரிஸ்ட் யாரு? க்ளூ வேணும்னா உன் கையப் பாத்துக்கலே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ரீனா சிரிக்கவில்லை. அருள்பாண்டிக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது. இவனோடா ஒரே ஹெட்போனில் பாட்டுக் கேட்டோம் என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நம்ம பிளாக் சாபத் டோனி அயோமி" என்றான். "பர்மிங்ஹாம். வயசு பதினேழு. மதியம் சாப்பிட வந்தவரு திரும்பிப் போற மாதிரி இல்ல, அவுக அம்மாதான் போகச் சொன்னாக. அன்னைக்கு வராத ஆளுக்குப் பதிலா, பழக்கமில்லாத மெஷின்ல நின்னாரு. பெறகு பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சாரு."

"ஃபேக்டரி மேனேஜர் பாட்டு ரெக்கார்டு கொண்டாந்து குடுத்து ஆறுதல் சொன்னத விட்டுட்டியே."

"ஆமா, விட்டுட்டேன். அவரப் பாக்க வந்த மேனேஜர் ரெக்கார்டு கொண்டாந்தாரு. என்னயப் பாக்க வந்த மேனேஜர் கைநாட்டு வாங்கப் பேப்பர் கொண்டாந்தாரு. மயக்கம் தெளியுமுன்னே இடது கைப் பெருவிரல்ல மைய வச்சாக. உங்க கம்பெனி மேனேஜர்தான்லே."

லட்சுமிகாந்தம் அண்ணாச்சி, மத்தியஸ்தருக்கான மேசை மணியை அவசரமாகத் தட்டினார். "பத்துக்கு ஒம்பது. அருளு, நீ கேளு. வேற பேச்சு வேண்டாம்யா."

"கேக்கேன் அண்ணாச்சி. இதுவும் மெஷினுக்கு விரலக் குடுத்தவன் கததான்." அருள்பாண்டியிடம் திட்டம் ஒன்றும் இல்லை, கோபம் மட்டும்தான் பேசியது. "சிவகாசில ஒரு பிரஸ். ஒருத்தன் லீவுல போயிருக்கான். அந்த நேரம் பாத்து மேஸ்திரி பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர எடுத்து, மெஷின்ல இருந்த கம்பிய..."

"பதிமூணு" என்றான் ஸ்ரீராம்குமார்.

கை தானாக உயர்ந்திருந்தது. அத்தனை வருஷப் பழக்கம். தப்பான நம்பர் காதில் விழுந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. அண்ணாச்சியும் பழக்க தோஷத்தில் மணியைத் தட்டினார். "திருத்தம். ஸ்ரீராமுக்கு ரெண்டு."

அருள்பாண்டி அவனையே பார்த்தான். பன்னெண்டு என்பது வாய்க்கு வந்த நம்பர். ஆபரேட்டர்கள் யாரும் ஸ்பேனரைத் தொடுவதே இல்லை. ஏசி ரூமை விட்டு இறங்காத முதலாளி மகனுக்கு அந்த நட்டின் அளவு எப்படித் தெரியும்? ஒரு வருஷமாக மேஸ்திரியைக் கரித்துக் கொட்டியதெல்லாம் ஒரு நொடியில் இடம் மாறியது. கோபம் போகவில்லை, குறி தெரிந்துவிட்டது.

"சரி, பதிமூணு" என்றான் நிதானமாக. "வியாழக்கிழம கழட்டுனாரு மேஸ்திரி. நாலு நட்டு."

"ஏலே, தெரிஞ்சா பேசு. புதன்கிழம. வியாழக்கிழமதான் கம்பி இல்லாம ஒரே நாள்ல பத்தாயிரம் அட்ட ஓடுச்சே! நாலு நட்டுமில்ல, ரெண்டு. அந்த ஆளு எங்க கழட்டுனாரு? முடியவே முடியாதுன்னுட்டாரு. நான்தாம்லே குனிஞ்சு..."

நின்றுவிட்டான். வாய் மட்டும் திறந்தே இருந்தது.

கீழே கடையில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. ரீனாவின் போன் கொஞ்சமும் அசையவில்லை. "நாப்பத்து மூணு பேரு பாத்துக்கிட்டிருக்காக" என்றாள் மெதுவாக.

"டீச்சர், அதை அழிங்க" என்றான் ஸ்ரீராம்குமார். "விளையாட்டுக்குச் சொன்னேன். அழிங்க டீச்சர்."

"ஆண்டவனே கேட்டாலும் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"ஏலே, அருளு..." என்று இவன் பக்கம் திரும்பினான். "புதன்கிழம நான் வாறேன்லே. நீ லீவுல இருந்தன்னு சொல்லுதேன். அதுதான உனக்கு வேணும்?"

"படிக்கட்டுல அதுதான் வேணும்னு கேட்டேன். இப்ப நீ வரவே வேண்டாம்லே. வீடியோ வரும்."

அண்ணாச்சி மணியைப் பார்த்தார், பாயிண்ட் எழுதிய நோட்டைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். "திருத்தம் எல்லாம் சரிதான். ஸ்ரீராம்குமார் ஜெயிச்சாச்சு" என்றார், செத்த குரலில்.

அருள்பாண்டி எழுந்தான். தோற்றவன் செய்ய வேண்டிய முறை ஒன்று பாக்கி இருந்தது. ஸ்ரீராம்குமாரின் முகத்துக்கு நேராகக் கைகளை நீட்டி, எட்டு முழு விரலும் இரண்டு மொட்டை விரலுமாக, உள்ளங்கை எரிகிற அளவுக்கு ஓங்கி ஓங்கித் தட்டினான்.

"நல்லா பாருலே" என்றான். "இதுல எத்தன விரல் கொறையுதுன்னு சரியாச் சொல்லு. நீதான் நம்பர் தப்பமாட்டியே."