வாய் சொன்னால்தான் கை நகரும்

பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இதற்கு முன் இரண்டு இடங்களில் சின்னவள் வாயே திறக்காமல் திரும்பியிருந்தாள். பாடத்தில் குறையில்லை. ஆங்கிலத்தில் கேட்டால், செய்ததா, செய்கிறதா, செய்து முடித்ததா என்று வினைச்சொல்லைத் தேடுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதுவும் போனால் மாமா கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். அப்பா சொல்லிவிட்டார்.

அண்ணி ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள். கை செய்வதை வாய் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லும்வரை கை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. குழாயை மூட வாக்கியம் வருவதற்குள் வாளிகள் நிரம்பி வழிந்தன. "இந்த வீட்ல தண்ணி குடிக்கவும் பரீட்சையா?" என்று அண்ணன் வெளியே ஓடினான்.

இன்று, இருக்கும் ஒரே நல்ல வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி.

"ஐ ஆம் அயர்னிங்."

"அத கைக்குழந்தகூட சொல்லும். ஏழு மணியிலேர்ந்து தேய்ச்சுக்கிட்டே இருக்கேன்னு சொல்லு." அண்ணி முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கினாள்.

"ஐ ஆம்... ஐ வாஸ்..."

"ம்ஹூம்."

பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. நெற்றி வியர்த்தது.

"ஐ ஹேவ்... ஐ ஹேவ் பீன் அயர்னிங் சின்ஸ் செவன்!"

"அப்படிப் போடு! என்னடி, ஏதோ தீயுது?"

தூக்கினாள். இடது மார்புப் பக்கம், பெட்டியின் அச்சு, பழுப்பாக.

"கைய எடுக்க வேண்டியதுதானே, பாவி!"

"நீங்கதானே அண்ணி எடுக்கக் கூடாதுன்னீங்க?"

அண்ணியின் சட்டை அவளுக்குக் கூடாரம். வேறு வழியில்லாமல் தீய்ந்த சட்டையையே போட்டு, சான்றிதழ்க் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் மருத்துவர் மட்டும். அவர் கையை நீட்டி, கோப்பைக் கேட்டார்.

கொடுத்தாள். அவர் பார்வை கறையில் நின்றது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார், ஆங்கிலத்தில்.

மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட வரவில்லை. மருத்துவர் பேனாவை மூடப் போனார்.

"திஸ் மார்னிங்," என்றாள் சின்னவள், கறையைத் தொட்டு.

அவள் சொன்ன கதையில் அண்ணி வந்தாள், வெங்காயம் வந்தது. நடுவில் ஒரு வினைச்சொல்லின் காலம் தப்பியது. அவளுக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை.

மருத்துவர் சிரித்துவிட்டார். பேனா திறந்தே இருந்தது. அடுத்த கேள்வி ரத்த அணுக்களைப் பற்றி.