ஒரு சேர்க்கைக்கு ஒரு கை

ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேசைக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கணவனின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள் அவள். அவன் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். ஐந்து மாதத்துக்கு முன்னால், அடுப்புக் கதவைத் திறந்தபோது குப்பென்று வந்த தீ இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டது. புண் ஆறிவிட்டது. ஆறிய தோல்தான் சுருங்கிப் பத்து விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கிவிட்டது. அன்றிலிருந்து பொத்தான் போடுவதும் சாப்பாடு ஊட்டுவதும் அவள் பாடு.

தற்காலிகமாக ஓர் ஆளை வைத்துச் சமாளிக்கிறேன், இன்னும் மூன்று மாதம் பொறுக்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். சுருங்கிய தோலை வெட்டிப் பிரித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் விரல் நிமிரும். இரண்டு கையையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம், இரண்டு மாதத்தில் மாவில் கை வைக்கலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னபோது இருவருக்கும் உயிர் வந்தது. காப்பீட்டு அட்டைதான் இருக்கவே இருக்கிறதே.

மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"ஒரு கைக்குத்தான் அனுமதி வந்திருக்குக்கா. ஒரு தடவை சேர்ந்தா ஒரு கை. அடுத்த கைக்குத் தொண்ணூறு நாள் கழிச்சுப் புதுசா எழுதணும்."

"டாக்டர் ரெண்டும் ஒண்ணாப் பண்ணலாம்னாரே."

பண்ணலாம்தான், ஆனால் இரண்டாவது கைக்குக் காப்பீட்டிலிருந்து எதுவும் வராது என்றாள். போன வருடச் சிகிச்சைகளுக்கே ஆஸ்பத்திரிக்கு இன்னும் பணம் வந்தபாடில்லை. பஞ்சும் கட்டுத்துணியும் தருகிறவன்கூட அனுப்புவதை நிறுத்திவிட்டான். மனைவி மருத்துவரிடமே ஓடினாள். காப்பீட்டு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதிப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, அவர் மூன்றையும் எடுத்துக் காட்டினார். மாவு எப்படிப் பிசைகிறார்கள் என்றே தெரியாத எவனோ ஒருவன், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு மூன்றையும் ஒரே வரியில் தள்ளியிருந்தான். இரண்டு கையும் ஒன்றாகத்தானே வெந்தது?

எந்தக் கை என்று மேசைப் பெண் கேட்டாள். கணவனின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள் அவள். எதை விடுவது?

"வலது," என்றான் அவன். அப்புறம், "அடுத்த வாட்டி தீ வந்தா ஒரு கைய மட்டும் நீட்டுறேன். இவங்களுக்கும் வசதி," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வலது கை நன்றாகவே வந்தது. பன்னிரண்டாம் நாள் கட்டோடு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். முந்தின நாள் அவள் பேக்கரிக்குப் போய், இடது கை முடியும்வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். முதலாளி அடுப்புப் பக்கம் கையைக் காட்டினார். தற்காலிக ஆள் இரண்டு கையாலும் மாவை அடித்துக்கொண்டிருந்தான். இனி அவனே இருக்கட்டும் என்றார். அதை அவள் இன்னும் கணவனிடம் சொல்லவில்லை.

கிளம்பும் நேரத்தில் மேசைப் பெண் கைபேசியும் ஓர் அட்டையுமாக வந்தாள். 'முழுச் சிகிச்சையும் இலவசமாகப் பெற்றேன். நன்றி' என்று அட்டையில் பெரிதாக அச்சடித்திருந்தது. நோயாளி அதைப் பிடித்திருப்பதைப் படமெடுத்து அனுப்பினால்தான் ஆஸ்பத்திரிக்கு உரிய பணம் வரும். அது வராவிட்டால் அடுத்த கைக்கு இங்கே எழுதித் தரமாட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தவனின் கட்டுப் போட்ட கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே அட்டையைச் செருகினாள்.

"அந்த இடது கைய கொஞ்சம் மறைச்சுக்கச் சொல்லுங்கக்கா. படத்துல தெரிஞ்சா, சிகிச்சை முடியலன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"முடியலதானே."

மேசைப் பெண் சாய்ந்திருந்த அட்டையை நேராக்கினாள். அவளிடம் எரிந்து விழுந்து என்ன ஆகப்போகிறது, அவளும் சம்பளத்துக்கு வந்தவள். இந்த விதியை எழுதியவன் எதிரில் நின்றிருந்தால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பாள். எதிரில் இருந்தது கைபேசி மட்டும்தான்.

கணவனின் இடது கையை அவளே பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அது அங்கே நிற்காமல் திரும்பத் திரும்ப முன்னால் வந்தது. கட்டிலில் ஏறி அவன் முதுகுக்குப் பின்னால் குனிந்து மறைந்துகொண்டு, அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் சிரிங்கண்ணே," என்று குரல் கேட்டது.

அவன் சிரித்தானா இல்லையா என்று பின்னாலிருந்து அவளுக்குத் தெரியவில்லை. அவள் பிடிக்குள் அந்த ஐந்து விரல்களும் நிமிரப் பார்த்து, முடியாமல் நடுங்கின.